மரப்பெரணி வளர்க்க ஆசை: 5 அடி மரமாகவே வாங்கி நடலாமா?

கோத்தகிரி ஓடைக்கரை | ஜூன் 8, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீட்டோடு சேர்த்து 14 சென்ட் இருக்கிறது. பின்பக்கம் சரிவு. சரிவின் அடியில் வருஷத்தில் எட்டு மாதம் ஈரம் காயாத ஓடைக்கால். அந்த ஓரம் முழுக்க மரப்பெரணிகளாகவே (மரம் போலத் தண்டு விட்டு உயரும் பெரணிகள்) வைக்க வேண்டும் என்று பல வருஷ ஆசை. சின்ன வயதில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு பெரணி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். இலைகளுக்கு நடுவே வெளிச்சம் பச்சையாகச் சலித்து இறங்கியது. அன்றைக்குப் பிடித்தது இந்த ஆசை.

இப்போது ஒருவர் 5 அடி மரங்கள் தருகிறேன் என்கிறார். ஒன்று 2,500 ரூபாய். ஆறு எடுத்தால் வண்டி வாடகையை அவரே பார்த்துக்கொள்வாராம். வேரை வெட்டி, இலையைக் கழித்துத் தண்டாகக் கொடுப்பார். நட்டுத் தண்ணீர் ஊற்றினால் மூன்று மாதத்தில் குடை விரிக்கும் என்று சொல்கிறார். யூடியூபிலும் தண்டைத் துண்டாக நட்டு வளர்ப்பதைப் பார்த்தேன். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வாங்கலாமா?

பழைய மேஸ்திரி, குன்னூர் | ஜூன் 9, காலை 6:15

வாங்காதீர்கள் அம்மா. நான் பட்டதைச் சொல்கிறேன்.

2011-ல் இதே பேச்சை நம்பி நான்கு தண்டு வாங்கினேன். ஜூலை மழையில் நட்டேன். ஆகஸ்டில் நான்கிலும் சுருள் எழுந்தது. கட்டைவிரல் பருமனில், பழுப்புச் செதில் போர்த்திய சுருள்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு மரத்திலும் ஐந்தாறு இலை விரிந்தது. ஜனவரியில் அடுத்த சுற்றுச் சுருள் முழங்கை நீளம் வந்து அப்படியே நின்றுவிட்டது. விரியவில்லை. மார்ச்சில் ஸ்டூல் போட்டு ஏறி நடுக்குருத்தில் விரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே கறுப்புக் கூழ், புளித்த நாற்றம். தண்டைத் தட்டினால் காலி டின்னைத் தட்டிய மாதிரி ஓசை. நான்குமே அப்படித்தான்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நம் மலையில் இருப்பவை சயாத்தியா என்ற மரப்பெரணி வகைகள். அடியோடு வேரை வெட்டிவிட்டால் திரும்ப வேர் பிடிப்பது மிக அரிது. தண்டின் நடுவில் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்தைச் செலவு செய்து ஒரு சுற்று இலை விடும். நாமும் பிழைத்துக்கொண்டது என்று நம்பிவிடுவோம். கையிருப்பு தீர்ந்ததும் மரம் முடிந்துவிடும். விற்றவரைக் கேட்டால், "நட்டதும் துளிர்த்ததே, நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை" என்று சொல்லிவிடுவார். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

வீடியோவில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் டிக்சோனியா அண்டார்க்டிகா என்ற வேறு மரப்பெரணியாக இருக்கும். அதன் தண்டு முழுக்க வேர்கள் பின்னிய போர்வை. உச்சியோடு துண்டாக வெட்டி நட்டாலும் வேர் விடும். அதை வைத்து நம் மரத்துக்கும் கணக்குப் போடுவதில்தான் எல்லாம் கெடுகிறது.

குன்னூர் நாற்றுப்பண்ணை | ஜூன் 9, காலை 10:02

மேஸ்திரி ஐயா சொன்னது சரி. விற்பவன் என்ற முறையில் கணக்கைச் சொல்கிறேன். ஸ்போர் (பெரணிக்கு விதை மாதிரி இருக்கும் நுண்தூள்) தூவி வரும் செடி ஒரு சாண் உயரம் வரவே இரண்டு வருஷம் ஆகிறது. தண்டு என்று சொல்லும்படி ஏதாவது தெரிய இன்னும் மூன்று, நான்கு வருஷம். 5 அடித் தண்டை நர்சரியில் வளர்த்து 2,500 ரூபாய்க்குக் கொடுத்தால் தண்ணீர்க் கூலிக்கே காணாது. அந்த விலைக்கு வருகிறது என்றால் யாரும் வளர்க்காத மரம் என்று அர்த்தம். சோலைக்காட்டில் ஓடை ஓரமாக நின்றது.

வாங்கும் முன் தண்டைப் பாருங்கள். தொட்டியில் வளர்ந்த செடிக்கு அடிவேர் மண்ணோடு உருண்டையாக இருக்கும். வெட்டிய அடி, தண்டில் ஒட்டிய காட்டுப்பாசி, ஒரு பக்கம் மட்டும் திட்டுத் திட்டாகப் படர்ந்த லைக்கன் (மரப்பாசி) இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

தாவரவியல் டீச்சர் | ஜூன் 9, மாலை 5:30

சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்ப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மரப்பெரணிக் குடும்பத்தின் சயாத்தியா வகைகள், காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் உள்ளன. நாடு விட்டு நாடு போகும் வியாபாரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். உலகம் முழுக்க இந்த மரங்கள் குறைந்ததற்கு ஆர்க்கிட் வளர்ப்பும் ஒரு காரணம். வேர்நாரைப் பலகையாகவும் தொட்டியாகவும் அறுத்து அதில் ஆர்க்கிட் கட்டுவார்கள். நம்மில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் தேங்காய் மட்டையில் கட்டுங்கள். நான் பல வருஷமாக அப்படித்தான் கட்டுகிறேன், நன்றாகவே பூக்கின்றன.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், அக்கா. இது நாம் நினைக்கிற மாதிரி மரமே இல்லை. பலா, சில்வர் ஓக் மாதிரி வருஷா வருஷம் பருக்காது, பட்டை கட்டாது, காயம் ஆறாது. வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்று. அது போனால் பக்கத்தில் கிளைத்து வருவது அபூர்வம். அதனால்தான் ஐயாவின் விரல் உள்ளே போன அன்றே அந்த மரத்தின் கதை முடிந்துவிட்டது.

கோத்தகிரி ஓடைக்கரை | ஜூன் 9, இரவு 8:55

அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ரேட்டைக் குறைக்கிறேன்" என்று மறுபடியும் இரண்டு தடவை கூப்பிட்டார். ஐயா, உங்கள் நான்கு மரத்தையும் படித்துவிட்டு மனசே சரியில்லை.

சரி, அப்படியென்றால் நான் எங்கிருந்து தொடங்குவது? எனக்கு 46 வயது. ஸ்போரில் தொடங்கினால் நிழலில் நிற்க எத்தனை வருஷம் ஆகும்?

பழைய மேஸ்திரி, குன்னூர் | ஜூன் 10, காலை 6:05

எனக்கு 71. அந்த நான்கும் போன அடுத்த வருஷம் ஸ்போர் தூவினேன். அதில் தேறியவை ஒன்பது. இன்று பெரியதன் தண்டு என் இடுப்புக்கு வருகிறது, இலை விரிந்தால் வாசல் கேட்டை மறைக்கிறது. அதன் கீழே நாற்காலி போட்டுத்தான் இதை எழுதுகிறேன். தைரியமாகத் தொடங்குங்கள்.

முறையைச் சொல்கிறேன். தோட்டத்திலோ பட்டா நிலத்திலோ நிற்கும் மரத்தில், உரியவரிடம் கேட்டு, ஒரு இலையின் நுனிப் பகுதி மட்டும் போதும். அடிப்பக்கம் புள்ளி புள்ளியாக இருக்கும். பச்சையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை. கரும்பழுப்பாகிப் பொருபொருவென்று உதிர்ந்திருந்தால் ஸ்போர் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில், புள்ளி பளபளப்பாகப் பழுத்திருக்கும்போது எடுக்க வேண்டும். வெள்ளைத்தாளில் புள்ளி கீழே இருக்கும்படி வைத்து, மேலே இன்னொரு தாள் போட்டு, காற்று படாத அலமாரியில் இரண்டு நாள் விடுங்கள். தாளில் இலையின் வடிவத்திலேயே தூள் உதிர்ந்திருக்கும். தாளை லேசாகச் சாய்த்துத் தட்டினால் பெரிய தூசியும் உமியும் முதலில் ஓடிவிடும். தாளோடு ஒட்டி மெதுவாக நகர்கிற மென்மையான தூள்தான் ஸ்போர். பலர் உமியைத் தூவிவிட்டு முளைக்கவில்லை என்பார்கள்.

மூடியுள்ள, கண்ணாடி மாதிரித் தெரியும் ஸ்வீட் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவிய தென்னைநார்த் தூள் இரண்டு விரல் கனம் பரப்பி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி உடனே மூடிவிடுங்கள். முழுக்க ஆறிய பிறகு தேங்கிய தண்ணீரை வடித்து, சாதத்தில் மிளகுத்தூள் போடுகிற அளவுக்கு லேசாகத் தூவி மூடுங்கள். நேர் வெயில் கூடாது. வடக்குப் பார்த்த ஜன்னல் நல்லது. பிறகு திறக்கவே கூடாது. கஷ்டம் அதில்தான்.

தாவரவியல் டீச்சர் | ஜூன் 10, மதியம் 1:20

ஐயா திறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் பாசியும் பூஞ்சையும். ஸ்போர் முளைப்பதற்குள் அவை முந்திக்கொள்ளும்.

முளைத்து முதலில் வருவது பெரணியே அல்ல. சின்ன விரல் நகத்தைவிடச் சிறியதாக, இதய வடிவத்தில் தரையோடு ஒட்டிய பச்சைத் தகடு. புரோதாலஸ் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன் அடியில்தான் ஆண், பெண் உறுப்புகள். ஆண் செல் பெண் செல்லிடம் நீந்தித்தான் போக வேண்டும். அங்கே ஈரப்படலம் இல்லாவிட்டால் தகடு மாதக்கணக்கில் தகடாகவே கிடக்கும். அதனால் தகடுகள் நெருங்கி வளர்ந்த பிறகு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை வாரம் ஒரு முறை மென்மையாகத் தெளித்து உடனே மூட வேண்டும். திறப்பது அப்போது மட்டும்.

பெருமாள்மலை காப்பி | ஜூன் 11, இரவு 10:12

கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பக்கம் மாதிரிதான் எங்களுக்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் பெரிய மழை. பிரச்சினை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான். மேகம் வராத வருஷம் காற்றே வறண்டுவிடும். அடியில் எவ்வளவு ஊற்றினாலும் இலை நுனி கருகிக்கொண்டே வந்தது. அப்புறம்தான் தண்டைச் சுற்றிய வேருக்கும் தண்ணீர் வேண்டும் என்று புரிந்தது.

5 லிட்டர் கேனை மரத்தைவிட ஓர் அடி உயரத்தில் கம்பு நட்டுக் கட்டினேன். அதிலிருந்து சலைன் டியூபை இழுத்து உச்சிக்குக் கொஞ்சம் கீழே தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு விரலுக்கு ஒரு துளை போட்டேன். சக்கரத்தைத் திருகி மெதுவாக வைத்தால் ராத்திரி முழுக்கத் தண்டில் வழிந்துகொண்டே இருக்கும். முதலில் தண்டு சாம்பல் நிறத்தில் கரடுமுரடாகக் காய்ந்து கிடந்தது. மூன்றாவது வாரம் கையால் தொட்டுப் பார்த்தேன். வேர்நுனிகள் வெள்ளைப் புள்ளிகளாக வெளியே வந்திருந்தன. அந்த ஏப்ரலில் ஒரு இலைகூடக் கருகவில்லை.

காட்டுமாட்டுக்கு வழி இருந்தால் முதல் மூன்று வருஷம் கூண்டு கட்டாயம். தின்கிறதோ இல்லையோ, கொம்பைத் தேய்த்தே சாய்த்துவிடும்.

ஃபிங்கர்போஸ்ட் தோட்டம், ஊட்டி | ஜூன் 12, காலை 7:45

கோத்தகிரி அக்காவுக்கு என் அளவுக்குப் பனி விழாது என்றாலும் ஓடைக்கால் என்று சொன்னதால் எழுதுகிறேன். குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். என் தோட்டத்தில் மேல் மேடையில் நின்ற செடிக்கு ஒன்றும் ஆகாத இரவில், 12 அடி கீழே நின்ற செடி வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்கியது. நீர்ப்பனி நவம்பரில் தொடங்கும், உறைபனி டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. அதனால் ஓடையின் அடிமட்டத்தில் வேண்டாம், சரிவின் நடுவில் வையுங்கள். மேலே ஒரு மரத்தின் கிளை இருந்தால் இன்னும் நல்லது.

சின்னச் செடிக்கு மிலாறு (பனி படாமல் மறைப்பாகப் போடும் செடிக்கிளை) கட்டுங்கள். தாவரவியல் பூங்காவிலேயே பனிக்காலத்தில் கோத்தகிரி மிலாறைத்தான் செடிகளுக்கு மேல் பரப்புகிறார்கள். உங்கள் ஊரிலேயே கிடைக்கிற பொருள். பிளாஸ்டிக் ஷீட் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். பெரிய செடிக்கு உச்சிக் குழியில் ஒரு கைப்பிடி காய்ந்த புல்லை லேசாகத் திணித்து, பனிக்காலம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

கறுத்த இலையை உடனே வெட்டாதீர்கள். நான் வெட்டினேன். அடுத்த பனி நேராகக் குருத்தில் இறங்கியது. செத்த இலை தொங்கினாலும் அது குருத்துக்குப் போர்வைதான். மார்ச் வரை பொறுங்கள்.

கோத்தகிரி ஓடைக்கரை | ஜூன் 12, இரவு 9:20

கை எடுத்துக் கும்பிடுகிறேன். எந்தெந்த வகை வைக்கலாம்? ஓரம் முழுக்க வைப்பது என்றால் ஒரே வகை ஆறு வைப்பதில் அர்த்தமில்லையே.

தாவரவியல் டீச்சர் | ஜூன் 13, மாலை 6:10

நம் மலைகளில் இயற்கையாகவே வளர்பவை நான்கைச் சொல்கிறேன். சயாத்தியா ஜைஜாண்டியா: இலைக்காம்பு கறுத்துப் பளபளக்கும், கூடலூர்ப் பக்கம் போலத் தாழ்ந்த ஈரச்சரிவுகளில் நன்றாக வரும். சயாத்தியா ஸ்பினுலோசா: காம்பில் கையை ஓட்டினால் முள் குத்தும். சயாத்தியா நீல்கிரென்சிஸ்: பெயரிலேயே நம் மலை இருக்கிறது, கோத்தகிரி உயரத்துக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். நான்காவது சயாத்தியா கிரினிட்டா. நம் மேட்டுச் சோலைகளிலும் இலங்கை மலைகளிலும் மட்டுமே உள்ளது. சுருளும் காம்பும் வெளிர்பழுப்புச் செதிலால் கம்பளி போர்த்தியது போல இருக்கும். அழிவின் விளிம்பில் இருப்பதால் அதைக் காட்டில் போய்ப் பார்த்து வணங்கிவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிக்சோனியாவைப் பிரித்தறிவது எளிது. அதன் குருத்தில் மெல்லிய ரோமம், சயாத்தியாவில் தட்டையான செதில்.

குன்னூர் நாற்றுப்பண்ணை | ஜூன் 13, இரவு 8:00

டீச்சர் சயாத்தியா கூப்பரியை விட்டுவிட்டீர்கள். நர்சரிகளில் ஆஸ்திரேலியன் ட்ரீ ஃபெர்ன் என்று விற்பது அதுதான். நல்ல இடத்தில் வருஷத்துக்கு ஓர் அடிகூட உயரும். அக்கா மாதிரி சீக்கிரம் நிழல் வேண்டும் என்பவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறேன். காட்டை யாரும் தொட வேண்டியதில்லையே. கையாளும்போது மட்டும் கண்ணில், கழுத்தில் செதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரிக்கும்.

தாவரவியல் டீச்சர் | ஜூன் 13, இரவு 9:15

தெரிந்தேதான் விட்டேன், தம்பி. ஹவாய்த் தீவுகளில் தோட்டத்துக்கென்று கொண்டுபோன கூப்பரி காட்டுக்குள் பரவி அங்குள்ள பெரணிகளை நெருக்குகிறது. ஒரு இலையில் லட்சக்கணக்கில் ஸ்போர், காற்றில் எவ்வளவு தூரமும் போகும். சீகை (வாட்டில்) மரமும் உண்ணிச்செடியும் (லான்டானா) இப்படி அழகுக்கும் விறகுக்கும் வந்தவைதானே? இன்று சோலை ஓரங்களில் நிற்பது யார்?

குன்னூர் நாற்றுப்பண்ணை | ஜூன் 13, இரவு 9:50

சீகையோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை, டீச்சர். எட்டு வருஷமாக என் பண்ணையில் கூப்பரி நிற்கிறது. ஈரச் சுவர் இடுக்கில் ஒன்றிரண்டு முளைத்ததைத் தவிர எங்கும் பார்த்ததில்லை.

தாவரவியல் டீச்சர் | ஜூன் 13, இரவு 10:05

சுவரில் முளைக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சோலையின் ஈரப்பாறைக்கும் உங்கள் சுவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பழைய மேஸ்திரி, குன்னூர் | ஜூன் 14, காலை 6:20

இருவரும் அக்கறையில்தான் பேசுகிறீர்கள். என் எண்ணம்: டவுனுக்கு நடுவில் இருந்தால் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். சோலையை ஒட்டிய நிலத்தில் வேண்டாம். அம்மாவின் ஓடை மேலே எங்கிருந்து வருகிறது, கீழே எங்கே போகிறது என்று பார்த்து முடிவெடுங்கள்.

கோத்தகிரி ஓடைக்கரை | ஜூன் 15, இரவு 7:30

ஓடை கீழே ஒரு சின்னச் சோலைக்குள் போகிறது. கூப்பரி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். நாற்றுப்பண்ணைத் தம்பியிடம் நீல்கிரென்சிஸ் நாற்று நான்கு சொல்லியிருக்கிறேன். மேஸ்திரி ஐயா வீட்டுக்கே கூப்பிட்டு, தன் மரத்திலிருந்து ஒரு இலைநுனி தருகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

கோத்தகிரி ஓடைக்கரை | ஆகஸ்ட் 20, இரவு 9:00

மூன்று டப்பா தூவினேன். முதல் டப்பாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து முழுக்கப் போய்விட்டது. தென்னைநார் ஆறுவதற்குள் அவசரப்பட்டுத் தூவிவிட்டேன், பிறகு ஆசையில் நாலைந்து தடவை திறந்தும் பார்த்தேன். மற்ற இரண்டிலும் ஆறாவது வாரம் பச்சைப் படலம் தெரிந்தது. இது பாசியா, பெரணியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாவரவியல் டீச்சர் | ஆகஸ்ட் 21, காலை 8:30

மூடியைத் திறக்காமல் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வழவழவென்று பூசினது போலவோ நூல் நூலாகவோ இருந்தால் பாசி. தனித்தனிப் புள்ளியாக, ஒவ்வொன்றும் குட்டித் தகடாக அகலமாகிக்கொண்டு வந்தால் உங்கள் பிள்ளைகள்.

கோத்தகிரி ஓடைக்கரை | பிப்ரவரி 3, இரவு 8:45

இன்று காலை இரண்டாவது டப்பாவில் பதினோரு இடத்தில் தகட்டின் பிளவிலிருந்து இலை எழுந்திருக்கிறது. கொத்தமல்லி இலையின் ஒரு நுனியளவுதான். ஒன்றில் மட்டும் அடுத்த இலை சுருண்டு நிற்கிறது. கடுகு அளவுச் சுருள், அதன் மேலேயும் பழுப்புச் செதில். என் பையனைக் கூப்பிட்டு லென்ஸில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஜூனில் சரிவின் நடுவில் நட்ட நான்கு நாற்றும் மிலாறுக்குள் பத்திரமாக இருக்கின்றன. டப்பாவில் உள்ளதை எப்போது பிரித்து நடுவது, ஐயா?

பழைய மேஸ்திரி, குன்னூர் | பிப்ரவரி 4, காலை 6:10

ரொம்ப சந்தோஷம் அம்மா. இப்போது தொடாதீர்கள், பனியும் வறண்ட காற்றும் முடியட்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று இலை வந்த பிறகு, ஏப்ரல் கடைசியில் கோடைமழை விழுந்ததும் தொடங்குங்கள். மூடியை முதல் வாரம் ஒரு குச்சி அளவு, அடுத்த வாரம் விரல் அளவு என்று திறந்து பழக்குங்கள். தனித்தனியாகப் பிடுங்க வேண்டாம். ஸ்பூனால் கொத்தாக மண்ணோடு எடுத்து, சலித்த இலைமட்கும் மணலும் கலந்த சின்னத் தொட்டியில் வையுங்கள். சாணம், யூரியா எதுவும் முதல் வருஷம் கிட்டவே வரக்கூடாது. பதினொன்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு தொட்டியை எனக்குக் கொடுங்கள். உங்களிடம் ஏதாவது ஆனால் இங்கே இருக்கும்.